வெளிப்புற மெஷ் வைஃபை: இடம் பார்ப்பது முதல் கருவி மாட்டுவது வரை

ஒரு பண்ணை, ஒரு பள்ளி வளாகம், தள்ளித் தள்ளி நிற்கும் நாலைந்து கட்டடங்கள். இப்படிப்பட்ட இடங்களில் எல்லாப் பக்கமும் கேபிள் இழுக்க முடியாது. ஒரே ஓர் இடத்தில் இணையம் வந்து இறங்கும். மற்ற இடங்களுக்கு அதைக் காற்றிலேயே கைமாற்றிக் கொண்டுபோக வேண்டும். இதற்குத்தான் மெஷ். ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டும் (வைஃபை பரப்பும் பெட்டி) தன் அக்கம்பக்கத்தில் உள்ளவற்றோடு வானலையில் பேசிக்கொள்ளும். ஒரு வழி அறுந்தால் இன்னொரு வழியைத் தேடிக்கொள்ளும்.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. எந்த இடத்திலிருந்து எந்த இடம் தெரிகிறது, நடுவில் எது மறைக்கிறது, மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் கருவிப் பட்டியல் பாதிக்கு மேல் தானாகவே சுருங்கிவிடும். விடை தெரியாமல் வாங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியும் மரத்துக்குப் பின்னால் திணறிக்கொண்டுதான் இருக்கும்.

1. முதலில் ஒரு வரைபடம்

செயற்கைக்கோள் வரைபடத்தில் உங்கள் இடத்தைத் திறந்து, ஆக்சஸ் பாயிண்ட் வரவேண்டிய இடங்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நோடு. இணையம் வந்து சேரும் நோடுதான் கேட்வே. இரண்டிரண்டு நோடுகளுக்கு இடையே கோடு போட்டு, தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரைபடத்தை நம்பி உட்காராமல் நேரில் போங்கள். ஆன்டெனா எந்த உயரத்தில் இருக்கப்போகிறதோ அந்த உயரத்தில் நின்று எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, மரம், பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படிக் கூரை என்று வரைபடத்தில் தெரியாத பலதும் அங்கே தெரியும்.

கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் மட்டும் போதாது. வானலை ஒற்றைக் கோடாகப் போவதில்லை; இரு முனைகளிலும் ஒடுங்கி நடுவில் உப்பிய ஒரு பரப்பை எடுத்துக்கொண்டு போகிறது. ஃப்ரெனெல் மண்டலம் என்பது அதுதான். 1 கிலோமீட்டர் இணைப்பில், நடுப்புள்ளியில் இதன் ஆரம் 5.8 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3.6 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் 5.6 மீட்டர். இதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். அதாவது நீங்கள் போடும் பார்வைக்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு முதல் மூன்றரை மீட்டர் வரை வெட்டவெளி தேவை. ஒரு கூரை விளிம்பை உரசிக்கொண்டு போகும் இணைப்பு, கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் சரியாக வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணம்.

மரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலைக்குள் இருக்கும் தண்ணீர் இந்த அலைவரிசைகளை விழுங்கும். மழை பெய்து நனைந்த இலை இன்னும் அதிகமாக விழுங்கும். மழைத்துளிகளால் 5 கிகாஹெர்ட்ஸ் குறுந்தூர இணைப்புக்குப் பெரிய பாதிப்பு இல்லை. "மழை வந்தால் நெட் போகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் வழியில் மரம் இருக்கிறதா என்று பார்ப்பேன், அடுத்து கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்ப்பேன். மரத்தை ஊடுருவ முயல்வதைவிட, சுற்றிக்கொண்டு போக இன்னொரு நோடு வைப்பது மேல். மரம் வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2. எத்தனை தாவல்?

கேட்வேயிலிருந்து ஒரு நோடுக்குப் போக இடையில் எத்தனை முறை காற்றில் தாவ வேண்டும் என்று எண்ணுங்கள். மெஷ் வலையமைப்பின் வேகத்தை முடிவு செய்வது இந்த எண்தான்.

ஒரே ஒரு ரேடியோ, ஒரே சேனல் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் நோடு ஒரு பக்கம் கேட்கும் நேரத்தில் மறுபக்கம் பேச முடியாது. எனவே முதல் தாவலில் 100 எம்பிபிஎஸ் கிடைத்தால் இரண்டாவதில் 50, மூன்றாவதில் 33 என்று இறங்கும். இது காகிதக் கணக்கு. நடைமுறையில் இன்னும் குறையும். இதோடு பயனர்களின் போன்களும் அதே ரேடியோவில் தொங்கினால் நிலைமை இன்னும் மோசம்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. நோடுகளுக்கு இடையிலான போக்குவரத்துக்கு, அதாவது பேக்ஹாலுக்கு, தனி ரேடியோ ஒதுக்குவது முதல் வழி. வளாகத்தின் இரு முனைகளிலும் கேட்வே வைத்து, எந்த நோடும் இரண்டு தாவலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது. எங்கெல்லாம் கேபிள் போட முடியுமோ அங்கெல்லாம் கேபிளே போட்டுவிடுவது மூன்றாவது. மெஷ் அமைக்கிறோம் என்பதற்காகக் கேபிளைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஏற்கெனவே குழாய் புதைத்திருந்தால் அதில் ஒரு ஃபைபரை விட்டுவிடுங்கள். அந்த ஒரு தாவலின் சுமை மொத்தமும் காற்றிலிருந்து இறங்கிவிடும்.

3. எந்த அலைவரிசை?

2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், தடைகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அதிலும் ஊரே குடியிருக்கிறது. இதைப் போன்களுக்கு விட்டுவிடுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டாம்.

பேக்ஹாலுக்கு உகந்தது 5 கிகாஹெர்ட்ஸ். சேனல்கள் நிறைய, வேகமும் அதிகம். இங்கே கவனிக்க வேண்டியது டிஎஃப்எஸ், அதாவது ராடாருக்கு வழிவிடும் ஏற்பாடு. 5250 முதல் 5350 வரையும் 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரையும் உள்ள சேனல்களை ராடார்களோடு பகிர்ந்துகொள்கிறோம். அதனால் கருவி ஒளிபரப்பத் தொடங்குமுன் ஒரு நிமிடமாவது காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். வானிலை ராடார் சேனல்களில் ஐரோப்பிய விதிப்படி 10 நிமிடம். ராடார் கேட்டுவிட்டால் சேனலைவிட்டு உடனே வெளியேறி, 30 நிமிடம் திரும்பி வரக்கூடாது. ஒரு நோடு ராடார் கேட்டதாக நினைத்துச் சேனல் மாறிப்போய், மற்றவை பழைய சேனலிலேயே நின்றால் மெஷ் இரண்டாகப் பிளந்துவிடும். எனவே உங்கள் நாட்டில் டிஎஃப்எஸ் தேவைப்படாத, வெளிப்புறத்தில் அனுமதிக்கப்பட்ட சேனல் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எல்லா நாடுகளிலும் அப்படிக் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 36 முதல் 64 வரையிலான சேனல்களைக் கம்பத்திலோ கூரையிலோ நிலையாக மாட்டும் கருவிகளில் பயன்படுத்த முடியாது.

6 கிகாஹெர்ட்ஸ் விளம்பரங்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். வீட்டுக்குள் வைக்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்குக் கிடைத்த அனுமதி மொட்டை மாடிக்குப் பொருந்தாது. 60 கிகாஹெர்ட்ஸ் வேறு வகை: சில நூறு மீட்டருக்குள், தடையே இல்லாத நேர்ப்பார்வையில் ஒரு கிகாபிட் வேகம் கிடைக்கும். ஆனால் காற்றில் உள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அளவு) விழுங்கிவிடும், கனமழையிலும் தடுமாறும்.

கருவியில் நாட்டுக் குறியீட்டைச் சரியாக அமையுங்கள். வேறு நாட்டைப் போட்டால் சக்தி கூடும் என்று சிலர் சொல்வார்கள். அது சட்டவிரோதம். அதோடு பயனும் இல்லை. ஆக்சஸ் பாயிண்ட் பலமாகப் பேசினால் போனுக்குக் கேட்கும். போனின் சின்ன ரேடியோ பதில் சொன்னால் ஆக்சஸ் பாயிண்டுக்குக் கேட்காது. திரையில் முழு சிக்னல் காட்டும், பக்கம் திறக்காது.

4. காகிதத்தில் ஒரு கணக்கு

கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அனுப்பும் சக்தியோடு இரு ஆன்டெனாக்களின் பெருக்கத்தையும் (சக்தியை ஒரு பக்கமாகக் குவிக்கும் அளவு) கூட்டி, வழியில் இழப்பதைக் கழித்தால் மறுமுனையில் கிடைக்கும் சிக்னல். வெட்டவெளியில் 1 கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் இழப்பு சுமார் 108 டெசிபல். தூரம் இரட்டித்தால் 6 கூடும். பாதியானால் 6 குறையும்.

ஆன்டெனாவின் பெருக்கத்தை டிபிஐ என்றும் சக்தியை டிபிஎம் என்றும் சொல்வார்கள். இரு முனையிலும் 13 டிபிஐ பேனல் ஆன்டெனா, அனுப்பும் சக்தி 17 டிபிஎம் என்று எடுத்துக்கொள்வோம். 17 கூட்டல் 13 கூட்டல் 13, கழித்தல் 108. விடை மைனஸ் 65 டிபிஎம். நல்ல இணைப்பு. அதே இடத்தில் எல்லாத் திசையிலும் பரப்பும் 5 டிபிஐ ஆன்டெனாக்களை வைத்தால் விடை மைனஸ் 81. இணைப்பு இருப்பதாகக் காட்டும், வேலைக்கு ஆகாது. இரண்டுக்கும் இடையிலுள்ள 16 டெசிபல் என்பது 40 மடங்கு வித்தியாசம். சக்தியைக் கூட்டாமல், ஆன்டெனாவை மட்டும் மாற்றிக் கிடைத்தது அது.

பேக்ஹால் இணைப்புகளுக்கு மைனஸ் 65 அல்லது அதைவிட நல்ல சிக்னலை இலக்காக வையுங்கள். மைனஸ் 75க்குக் கீழே போகும் இணைப்பை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

5. இப்போது கருவிகள்

இவ்வளவு தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம். வெளிப்புறக் கருவிகளை நான் மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பேன்.

முதல் வகை, கன்ட்ரோலரோடு (எல்லாப் பெட்டிகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வரும் தயார்நிலை ஆக்சஸ் பாயிண்டுகள். யூபிக்விட்டியின் யூனிஃபை ஏசி மெஷ், டிபி-லிங்க்கின் ஈஏபி225-அவுட்டோர், வைஃபை 6 தலைமுறையில் ஈஏபி610-அவுட்டோர் போன்றவை. எல்லாத் திசையிலும் பரப்பும் ஆன்டெனாக்கள், இரண்டு அலைவரிசைகள், மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் பக்கத்து நோடைப் பிடித்துக்கொள்ளும். நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் நோடுகள் நெருங்கி இருந்தால், இரண்டு தாவலுக்குள் முடிந்தால், இந்த வகையே போதும், தலைவலி குறைவு. குறை என்னவென்றால் ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்குள்தான் மெஷ் நடக்கும். பேக்ஹாலும் 5 கிகாஹெர்ட்ஸ் பயனர்களும் பெரும்பாலும் ஒரே ரேடியோவைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது வகை, திசை ஆன்டெனாவோடு ஒரே உறையில் வரும் ரேடியோக்கள். கடைகளில் சிபிஈ என்று கேட்டால் கொடுப்பார்கள். டிபி-லிங்க்கின் சிபிஈ510 (5 கிகாஹெர்ட்ஸ், 13 டிபிஐ), சிபிஈ210 (2.4 கிகாஹெர்ட்ஸ், 9 டிபிஐ), யூபிக்விட்டியின் நானோஸ்டேஷன் வரிசை, மைக்ரோடிக்கின் எல்எச்ஜி 5 (24.5 டிபிஐ வலைத்தட்டு) ஆகியவை இதில் சேரும். தூர இணைப்புக்கு இவைதான் சரி. தட்டின் பெருக்கம் கூடக்கூடக் கதிர் குறுகும், குறி வைப்பது கடினமாகும். அதனால் 300 மீட்டருக்கு எல்எச்ஜி வாங்க வேண்டாம், பேனலே போதும்.

என் விருப்பம் இந்த இரண்டையும் கலப்பது. ஒவ்வொரு நோடிலும் தூரத்தைப் பார்க்க ஒரு பேனல், கீழே உள்ள மக்களுக்கு ஒரு சாதாரண ஆக்சஸ் பாயிண்ட், இரண்டையும் சேர்க்க ஒரு முழக் கேபிள். பேக்ஹாலும் பயனர்களும் தனித்தனி ரேடியோவில் போய்விடுவார்கள். ஒன்று பழுதானால் ஒன்றை மட்டும் மாற்றலாம். நாளைக்குப் புதிய தலைமுறை வைஃபை வந்தால் ஆக்சஸ் பாயிண்டை மட்டும் புதுப்பிக்கலாம். நியூயார்க்கில் தன்னார்வலர்கள் நடத்தும் சமூக வலையமைப்பான என்ஒய்சி மெஷ், தன் உறுப்பினர்களின் கூரைகளில் மைக்ரோடிக்கின் ஓம்னிடிக்கைப் பரவலாகப் பயன்படுத்தியதும் ஏறக்குறைய இதே பாணிதான். அந்தக் கருவியில் எல்லாத் திசையிலும் பரப்பும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் ஐந்து ஈதர்நெட் துளைகளும் உண்டு. தூரத்தைப் பார்க்கும் திசை ஆன்டெனாவை அதிலேயே செருகிக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை, மதர்போர்டு, ரேடியோ அட்டைகள், ஆன்டெனாக்கள் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, நீர்புகாப் பெட்டிக்குள் நீங்களே கட்டுவது. மூன்று ரேடியோ வேண்டும், விருப்பமான ஆன்டெனா வேண்டும் என்பவர்களுக்கு இது சொர்க்கம். ஆனால் பெட்டிக்குள் வெப்பம், ஈரம், ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் இழப்பு எல்லாம் உங்கள் தலையில். தடித்த எல்எம்ஆர்-400 கேபிளிலேயே 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு மூன்றரை டெசிபல் போய்விடும். அதாவது பாதிக்கும் மேல் சக்தி. ரேடியோ ஆன்டெனாவுக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும், தூரத்தை ஈதர்நெட் கேபிள் கடக்க வேண்டும் என்பது இதனால்தான். முதல் மெஷ்ஷுக்கு இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டு ரவுட்டரைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்துக் கம்பத்தில் ஏற்றுவது இந்த மூன்றிலும் சேராது. வெயிலில் டப்பாவுக்குள் ஏறும் சூட்டுக்கு அது வடிவமைக்கப்படவில்லை.

எந்த வகையானாலும் பெட்டியில் காப்பு அளவைச் சொல்லும் ஐபி எண்ணைப் பாருங்கள் (இணைய ஐபி முகவரி வேறு). முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி65 என்றால் தூசி புகாது, எந்தத் திசையிலிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். கேபிள் நுழையும் இடத்து ரப்பரைச் சரியாக மூடாவிட்டால் இந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஆன்டெனாவில் ஒரு எச்சரிக்கை. எல்லாத் திசையிலும் பரப்பும் ஆன்டெனாவில் டிபிஐ அதிகம் என்றால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. சக்தி எங்கிருந்தும் புதிதாக வருவதில்லை. மேலும் கீழும் போவதை எடுத்துத்தான் பக்கவாட்டில் தள்ளுகிறது. உயரமான கம்பத்தில் அப்படி ஒன்றை மாட்டினால் தூரத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும், கம்பத்தடியில் நிற்பவருக்குக் கிடைக்காது.

6. மென்பொருள்

தயார்நிலைக் கருவி வாங்கியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

திறந்த வழியில் போக விரும்பினால், ரவுட்டர்களுக்கான திறந்தமூல இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டிதான் அடித்தளம். வாங்குமுன் உங்கள் மாடல், அதன் ஹார்டுவேர் பதிப்பு எண் உட்பட, அவர்களுடைய ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் பதிப்பு 1 ஒரு சிப்போடும் பதிப்பு 3 வேறொரு சிப்போடும் வருவது வழக்கம். 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி நினைவகம் இருந்தால் நிம்மதி. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி நினைவகம் கொண்ட பழைய கருவிகளுக்கு 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்துவிட்டது. ஏத்10கே டிரைவர் கேட்கும் குவால்காம் சிப்களுக்கு இரண்டு விதமான ஃபெர்ம்வேர் உண்டு. சிடி என்று முடியும் வகையில் மெஷ் தகராறு செய்தால் சாதாரண வகைக்கு மாற்றிப் பாருங்கள்.

நோடுகள் ஒன்றையொன்று கண்டுபிடித்துப் பேச 802.11எஸ் என்ற தரம் இருக்கிறது, 2011இல் நிறைவேறியது. வழி தேடும் முறையும் அதற்குள்ளேயே உண்டு. சின்ன வலையமைப்புக்கு அது போதும். நோடுகள் பெருகும்போது, அல்லது சில இணைப்புகள் கேபிளிலும் சில காற்றிலும் இருக்கும்போது, அதன் மேல் பேட்மேன்-அட்வான்ஸ்டு என்ற வழிதேடும் மென்பொருளை ஓட்டுவது நல்லது. ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் சமூக வலையமைப்பில் பிறந்து, லினக்ஸ் கெர்னலின் 2.6.38 பதிப்பில் இடம்பிடித்தது அது. மொத்த மெஷ்ஷையும் ஒரே பெரிய சுவிட்ச் போலக் காட்டும். போனை எடுத்துக்கொண்டு ஒரு நோடிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தாலும் ஐபி முகவரி மாறாது.

அமைக்கும்போது மூன்று இடங்களில் புதியவர்கள் தட்டுத்தடுமாறுவார்கள். ஒன்று, வைஃபை குறியாக்கத்தைக் கவனிக்கும், இயல்பாக வரும் டபிள்யூபேட் தொகுப்பின் சுருக்கப் பதிப்பில் மெஷ் குறியாக்கம் இருக்காது. அதை நீக்கிவிட்டு மெஷ் பதிப்பை நிறுவினால்தான் எஸ்ஏஈ (மெஷ்ஷின் கடவுச்சொல் சரிபார்ப்பு முறை) வேலை செய்யும். இரண்டு, பேட்மேன் வழி பார்த்துக்கொள்ளும்போது 802.11எஸ்ஸின் சொந்த வழிகாட்டலை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே வேலையைச் செய்து குழப்பும். மூன்று, பேட்மேன் ஒவ்வொரு பொட்டலத்திலும் (பாக்கெட்) 32 பைட் சேர்ப்பதால், கீழே உள்ள இடைமுகத்தின் எம்டியூவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1532 ஆகவாவது உயர்த்துங்கள். இதைச் செய்யாவிட்டால் பொட்டலங்களைத் துண்டுபோட்டு அனுப்ப வேண்டிவந்து வேகம் இறங்கும்.

சேனல், மெஷ் பெயர், கடவுச்சொல் மூன்றும் எல்லா நோடுகளிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். சேனலைத் தானியங்கியில் விடவே கூடாது. அரை கிலோமீட்டரைத் தாண்டும் இணைப்புகளுக்குத் தூர அமைப்பையும் மீட்டரில் கொடுங்கள். அலை 1 கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோ நொடி ஆகிறது. பதில் வருமுன்னே "வரவில்லை" என்று கருவி முடிவுகட்டி மறுபடி அனுப்பத் தொடங்கினால் நல்ல சிக்னலிலும் வேகம் இருக்காது.

7. மின்சாரமும் கேபிளும்

கூரைக்குப் பவர் பாயிண்ட் கொண்டுபோக வேண்டாம். ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பிஓஈ இருக்கிறது. இதில் இரண்டு சாதி உண்டு, கலந்துவிடக் கூடாது. 802.3ஏஎஃப் தரத்தில் அனுப்பும் பக்கம் 15.4 வாட், 802.3ஏடியில் 30 வாட். இவை முதலில் மறுமுனையில் இருப்பது பிஓஈ கருவிதானா என்று சோதித்துவிட்டுத்தான் மின்சாரம் விடும். பேசிவ் பிஓஈ எதையும் கேட்காது. செருகிய நொடியில் 24 வோல்ட் பாயும். தவறான கருவியில் செருகினால் அதன் துளை கருகலாம். கேபிளுக்குள் மின்சாரம் செலுத்தும் பெட்டியான ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் வோல்ட் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேபிள் நீளம் 100 மீட்டருக்குள். ஆனால் 24 வோல்ட் பேசிவில் முழு நூறு மீட்டர் ஓட்டினால், அரை ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு வழியிலேயே நாலைந்து வோல்ட் தொலையும். நீளமான கேபிளுக்கு 48 வோல்ட் வகைக் கருவியே நல்லது. முழுச் செம்புக் கேபிள் வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை குறைவு. மின்தடை அதிகம், வளைத்தால் உடையும். வெளியுறை வெயிலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் சில பருவங்களிலேயே வெடித்து, வெடிப்பு வழியே தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீர் உறைக்குள்ளேயே இறங்கிக் கீழே உள்ள சுவிட்ச் வரைக்கும் வரும்.

கருவிக்குள் நுழையும் முன் கேபிளை ஒருமுறை கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றுங்கள். வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது. கேபிள் நுழையும் துளை எப்போதும் தரையைப் பார்த்திருக்க வேண்டும். கேபிள் முனையில் கனெக்டரை நசுக்கிப் பொருத்துமுன் (கிரிம்ப்), கிளாண்டைக் (நுழைவுத் துளையை இறுக்கி மூடும் திருகு) கேபிளில் கோத்துவிட வேண்டும் என்பது மறக்கக்கூடிய விஷயம். வெளி ஆன்டெனா கனெக்டர் இருந்தால், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்வதுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிய வேண்டும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மின்சாரமே இல்லாத இடத்தில் சோலார். 6 வாட் இழுக்கும் நோடுக்கு ஒரு நாளைக்கு 144 வாட்-மணி வேண்டும். மூன்று நாள் வெயில் இல்லாமல் தாங்க 432. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம்தான் எடுப்போம் என்றால் 540 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 45 ஆம்பியர்-மணி. லெட் ஆசிட் என்றால் பாதி வரைதான் எடுக்கலாம், எனவே 72. ஒரு நாளில் நாலு மணி நேர முழு வெயில் கிடைக்கும், இழப்பு 30 சதவீதம் என்று வைத்தால் 50 வாட் பேனல் அன்றாடச் செலவுக்கு மட்டும் ஏறக்குறைய சரியாக இருக்கும். மேகமூட்டத்தில் தீர்ந்த பேட்டரியை மீண்டும் நிரப்ப வேண்டாமா? 100 வாட் போடுங்கள். நோடு உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்பதைப் பெட்டியில் பார்க்காமல் மீட்டரில் அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

8. இடி மின்னல்

நேரடியாக விழும் இடியை எந்தச் சின்னக் கருவியும் தாங்காது. நாம் தடுக்கப் பார்ப்பது பக்கத்தில் விழும் மின்னல் கேபிளில் தூண்டும் அதிர்வலையை. கம்பத்தைக் கட்டடத்தின் எர்த்தோடு தடித்த கம்பியால் இணையுங்கள். உறையிட்ட ஈதர்நெட் கேபிளும் உலோகக் கனெக்டரும் பயன்படுத்துங்கள். கருவிக்குப் பக்கத்தில் ஒன்று, கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒன்று என்று சர்ஜ் அரெஸ்டர் (அதிர்வலையை எர்த்துக்கு வடித்துவிடும் கருவி) போட்டு, அவற்றின் எர்த் கம்பியையும் அதே எர்த்தில் சேருங்கள். கம்பத்துக்கென்று தனியாக ஒரு எர்த் அடித்து அதைக் கட்டட எர்த்தோடு சேர்க்காமல் விடுவது ஆபத்து. இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்தம் உங்கள் கருவி வழியாகத்தான் சமன்படும். ஆன்டெனா கட்டடத்தின் மிக உயர்ந்த பொருளாக இருக்கக் கூடாது. இடிதாங்கி இருந்தால் அதன் காப்பு வட்டத்துக்குள் மாட்டுங்கள். எர்த் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே முறை.

9. மேசையில் முதலில், கம்பத்தில் அப்புறம்

எல்லா நோடுகளையும் ஒரே அறையில் வைத்து, சக்தியை மிகக் குறைத்து, மெஷ் முழுவதையும் அங்கேயே ஓடவிடுங்கள். பெயர், ஐபி முகவரி, கடவுச்சொல் எல்லாம் முடித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுச் சீட்டு ஒட்டுங்கள். ஒரு நோடை அணைத்து, மற்றவை வேறு வழி பிடிக்கின்றனவா என்று பாருங்கள். கூரையில் ஏணியோடு நிற்கும்போது கடவுச்சொல் தேடும் நிலை வரக்கூடாது.

மாட்டும்போது ஒருவர் கம்பத்தில், ஒருவர் திரையில். பேனலைக் கண்ணால் குறிவைத்து லேசாக முடுக்குங்கள். பிறகு பக்கவாட்டில் மிக மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு இரண்டு மூன்று நொடி நில்லுங்கள், எண் நிலைபெற அவ்வளவு நேரம் ஆகும். சிக்னல் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும் வரை தாண்டிப் போங்கள். பிறகு இரு பக்கமும் ஒரே அளவு இறங்கும் இடங்களைக் கண்டு, அவற்றின் நடுவுக்கு வாருங்கள். முதல் உச்சத்தைக் கண்டதும் முடுக்கிவிடுவதுதான் பலரும் செய்வது. திசை ஆன்டெனாக்களுக்கு, குறிப்பாகத் தட்டுகளுக்கு, பக்கக் கதிர்களும் உண்டு. அதில் மாட்டினால் பதினைந்து இருபது டெசிபல் குறைவாகவே கிடைக்கும். உங்களிடம்தான் காகிதக் கணக்கு இருக்கிறதே. மைனஸ் 65 வரவேண்டிய இடத்தில் மைனஸ் 80 வந்தால் பக்கக் கதிரில் நிற்கிறீர்கள், அல்லது வழியில் தடை இருக்கிறது. பக்கவாட்டு முடிந்ததும் மேல்கீழ்ச் சாய்வுக்கும் இதையே செய்யுங்கள். முடுக்கும்போது எண்ணைப் பார்த்துக்கொண்டே முடுக்குங்கள், ஏனென்றால் போல்ட் இறுகும்போது தட்டு கொஞ்சம் நகரும்.

ஒரே கம்பத்தில் இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் இருந்தால் ஒரு மீட்டராவது மேல்கீழாக இடைவெளி விட்டு, சேனல்களையும் தள்ளித் தள்ளிக் கொடுங்கள். ஒன்றின் சத்தத்தில் மற்றொன்றின் காது அடைத்துவிடும்.

10. சோதித்து, குறித்துவைத்து, பராமரிக்க

வேகம் சோதிக்கும் இணையதளங்கள் உங்கள் இணைய இணைப்பைத்தான் அளக்கும். மெஷ்ஷை அளக்க ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனை மென்பொருள். அதையும் நோடுகளுக்குள் ஓட்டாமல் இரு முனையிலும் மடிக்கணினி வைத்து ஓட்டுங்கள். சின்ன ரவுட்டரின் சிப் போக்குவரத்தை உற்பத்தி செய்யவும் கடத்தவும் ஒரே நேரத்தில் திணறும். ஒவ்வொரு தாவலையும் தனித்தனியாக, இரு திசையிலும் அளந்து, சிக்னல் எண்களோடு எழுதி வையுங்கள். பின்னாளில் "மெதுவாக இருக்கிறது" என்று புகார் வரும்போது எந்தத் தாவல் மாறியிருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லிவிடும். இரு திசையிலும் சிக்னல் ஒன்றாக இல்லாவிட்டால், இரு முனைகளின் சக்தி அமைப்பும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள்.

சிக்னலை மட்டும் வைத்து இணைப்பை மதிப்பிடக் கூடாது என்பதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ரூஃப்நெட் என்ற கூரை மெஷ்ஷை அமைத்த ஆராய்ச்சியாளர்கள் 2003ஆம் ஆண்டு வாக்கிலேயே காட்டினார்கள். குறைந்த தாவல்களைத் தேடும் வழி பெரும்பாலும் நீளமான, நோஞ்சான் இணைப்புகளையே பிடிக்கும். ஒரு பொட்டலம் போய்ச்சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கிறது என்று எண்ணி வழி தேர்ந்தால் வேகம் கூடும் என்பது அவர்கள் கண்டது. அந்த முயற்சியிலிருந்துதான் 2006இல் மெராக்கி என்ற வலையமைப்புக் கருவி நிறுவனம் பிறந்தது. 2012இல் சிஸ்கோ அதை வாங்கியது. உங்களுக்கு இதில் பாடம் என்னவென்றால், தூரத்தில் ஒரு நோடு மைனஸ் 82இல் எட்டிப்பார்த்து அவ்வப்போது இணைந்துகொண்டால் அந்த இணைப்பை விட்டுவைக்காதீர்கள். குறைந்தபட்ச சிக்னல் வரம்பு ஒன்றை அமைத்து அதை வெட்டிவிடுங்கள். மெஷ் இன்னும் நிதானமாக ஓடும்.

ஒவ்வொரு நோடின் அமைப்புக் கோப்பையும் நகலெடுத்து வையுங்கள். ஒரு நோடாவது உபரியாக, அமைப்பு ஏற்றித் தயாராக அலமாரியில் இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் கம்பத்தின் போல்ட்டுகளையும் டேப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபெர்ம்வேர் புதுப்பிக்கும்போது கேட்வேயிலிருந்து மிகத் தொலைவில் உள்ள நோடில் தொடங்கி, ஒவ்வொன்றாக, முந்தையது திரும்பி வந்ததைப் பார்த்த பிறகு அடுத்ததற்கு வாருங்கள். கேட்வே பக்கத்தில் தொடங்கி அது திரும்பாமல் போனால் அதற்குப் பின்னால் உள்ள எதையும் எட்ட முடியாது. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கம்பமாக ஏற வேண்டியதுதான்.